ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் முதல் முறை கார் ஓட்டுபவர்களுக்கு: கிளாஸ்கோ முதல் லூயிஸ் தீவு வரை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக்கும் அதன் மேற்கே கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் முதல் முறையாகக் காரில் செல்ல நினைப்பவர்கள், பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி, அவற்றை வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பதிலிருந்தே திட்டமிடலைத் தொடங்குகிறார்கள். அந்த வேலையைச் சில நாட்கள் தள்ளி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பயணத்துக்கு முதுகெலும்பு ஃபெர்ரி நேரங்கள்தான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தத் துறைமுகத்தில் உங்கள் காருக்கு இடம் கிடைக்கிறது என்பது உறுதியான பிறகு, தங்குமிடமும் நடக்கும் பாதைகளும் சாப்பாட்டு நேரமும் அதைச் சுற்றித் தாமாகவே அமைந்துவிடும். வரிசையை மாற்றிச் செய்தவர்கள், விடுதிக்குக் கட்டிய பணத்தை இழந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் பரிந்துரைக்கும் பாதை ஒரு வளையம். கிளாஸ்கோவில் தொடங்கி, கிளென்கோ வழியாக ஃபோர்ட் வில்லியம் சென்று, அங்கிருந்து ஸ்கை தீவுக்குள் நுழைந்து, அதன் வடமுனையில் உள்ள ஊக் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறி ஹாரிஸ் தீவின் டார்பர்ட்டில் இறங்கி, வடக்கே லூயிஸ் பகுதியைப் பார்த்துவிட்டு, ஸ்டோர்னோவேயிலிருந்து ஃபெர்ரியில் உல்லாபூல் திரும்பி, இன்வெர்னஸில் முடிப்பது. வந்த வழியே திரும்ப வேண்டிய தேவை இதில் இல்லை. இதற்கு ஒன்பது இரவுகள் தேவை. ஏழு இரவுகள்தான் உள்ளன என்றால் ஹாரிஸையும் லூயிஸையும் விட்டுவிட்டு ஸ்கை தீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திணித்தால் மலைகளைக் கண்ணாடிக்கு வெளியே மட்டுமே பார்த்துத் திரும்ப நேரும்.

முதல் வேலை: ஃபெர்ரி முன்பதிவு

இந்தக் கடற்பாதைகளில் ஃபெர்ரி இயக்குவது கலிடோனியன் மக்பிரேன் நிறுவனம். உள்ளூரில் எல்லோரும் 'கால்மாக்' என்றே சொல்கிறார்கள். நடந்து ஏறும் பயணிக்கு இடம் கிடைப்பது எளிது, காருக்கு இடம் கிடைப்பதுதான் கடினம். கோடை மாதங்களில் கார் இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. முன்பதிவின்போது வாகனத்தின் நீளத்தைக் கேட்பார்கள். கூரைமேல் பெட்டியோ பின்னால் சைக்கிள் தாங்கியோ வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊக்கிலிருந்து டார்பர்ட் செல்ல ஒரு மணி நாற்பது நிமிடமும், ஸ்டோர்னோவேயிலிருந்து உல்லாபூல் செல்ல இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும்.

துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்பது பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அது கப்பல் புறப்படும் நேரம் அல்ல, அதற்கும் முந்தைய ஒரு நேரம். அதைத் தவறவிட்டால் உங்கள் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். வந்ததும் எண்ணிட்ட வரிசைகளில் ஒன்றில் காரை நிறுத்தச் சொல்வார்கள். கப்பலின் வாய் திறந்ததும் பணியாளரின் கையசைவைப் பார்த்து மெதுவாக உள்ளே ஓட்டி, அவர் காட்டும் இடத்தில் முன் காரை ஒட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கியரில் விட்டு, கார் அலாரத்தை அணைத்துவிட்டு, குளிருடையையும் தேவையான பொருட்களையும் கையோடு எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குச் செல்ல வேண்டும். கடலில் இருக்கும்போது கார் தளத்துக்குத் திரும்ப வர விடமாட்டார்கள்.

காற்று பலமாக அடித்தால் ஃபெர்ரி ரத்தாகும், கோடையிலும் ரத்தாகும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கும் கடைசி ஃபெர்ரிக்கும் இடையில் ஒரு முழு நாளாவது விட்டு வையுங்கள். தீவுவாசிகள் தம் மருத்துவமனைச் சந்திப்புகளைக்கூட இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

எப்போது செல்வது

என் விருப்பம் மே மாதமும் செப்டம்பரின் முதல் பாதியும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ காலை ஒன்பது மணி அளவில் விடிந்து பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், புதியவர்கள் குளிர்காலத்தில் இந்தச் சாலைகளுக்கு வர வேண்டாம். கோடையின் நடுப்பகுதியில் மிட்ஜ் எனப்படும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகள் கூட்டமாக வரும். காற்று வீசினால் அவற்றால் பறக்க முடியாது. காற்று ஓய்ந்த ஈரமான காலையிலும் மாலையிலும்தான் அவை தொல்லை தரும். பூச்சி விரட்டும் தைலமும் தலையை மூடும் வலையும் வாங்கிக்கொண்டால் போதும். உண்ணிகளைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை. புதர்க்காட்டில் நடந்துவிட்டு வந்த ஒவ்வொரு மாலையும் கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு ஆகியவற்றைப் பார்த்து, ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் சிறு கொக்கியால் எடுத்துவிட வேண்டும்.

காரும் காகிதங்களும்

இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டே, நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம். உரிமத்திலுள்ள விவரங்கள் ஆங்கிலத்தில் இல்லையென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். வாகனங்கள் இடப்பக்கமே ஓடுவதால் நம்மவர்களுக்குப் பழகுவது எளிது. ஆட்டோமேட்டிக் கியர் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே அப்படிக் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

வாடகை நிறுவனத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காரை ஃபெர்ரியில் ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டு செல்ல அனுமதி உண்டா? டயரும் கண்ணாடியும் காரின் அடிப்பகுதியும் காப்பீட்டில் அடங்குமா? காரில் ஸ்டெப்னி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை நான் ஒருமுறை கேட்கத் தவறினேன். ஹாரிஸில் எதிரே வந்த லாரிக்காகச் சாலையின் விளிம்புக்கு ஒதுங்கியபோது, உடைந்திருந்த தார் விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு பசைப் புட்டியும் சிறு காற்றடிக்கும் கருவியும் மட்டுமே இருந்தன. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பசை பயன்படாது. உதவி வண்டி ஸ்டோர்னோவேயிலிருந்து வந்து சேரும்வரை ஒரு பிற்பகல் முழுவதையும் சாலையோரத்தில் கழித்தோம். ஒதுங்கும்போது தார் முடியும் இடத்துக்கு வெளியே சக்கரத்தை இறக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

பெட்ரோல் பங்குகள் தொலைவில் தொலைவில்தான் இருக்கும், சிறிய ஊர்களில் மாலையிலேயே மூடிவிடுவார்கள். தொட்டி பாதியானதும் நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். கைப்பேசிக்குப் பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 999, மலையில் ஆபத்து என்றால் அதே எண்ணில் காவல்துறையைக் கேட்டு, அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.

பலகைகளில் தொலைவும் வேகமும் மைல் கணக்கில் இருக்கும். நடுவில் தடுப்பில்லாத ஊர்ப்புறச் சாலைகளில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 60 மைல். அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். இது சட்டம் அனுமதிக்கும் எல்லை மட்டுமே, அந்த வேகத்தில் ஓட்டத்தக்க சாலை என்று பொருள் அல்ல. தீவுகளில் மணிக்கு 30 மைல் என்று கணக்கிட்டுத் திட்டமிட்டால் ஏமாற்றம் இராது. மது விஷயத்தில் ஸ்காட்லாந்தின் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமையானது: 2014 டிசம்பரிலிருந்து, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. முந்தைய இரவு விஸ்கி வடிசாலையில் சற்று அதிகமாகச் சுவைத்தவர் மறுநாள் காலையிலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும்.

ஒற்றைத்தடச் சாலை

இந்தப் பயணத்தில் புதியவர் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய கலை இது ஒன்றுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரு திசைக்கும் சேர்த்து ஒரே ஒரு கார் அகலமே உள்ள சாலைகள் இங்கே ஏராளம். குறிப்பிட்ட இடைவெளிகளில் சாலை ஒரு பக்கம் சற்றே வீங்கி, ஒரு கார் ஒதுங்கும் அளவுக்கு அகலமாக இருக்கும். அங்கே கம்பத்தில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை நிற்கும். அதுதான் ஒதுங்குமிடம். உங்கள் பார்வை முன்னால் இருக்கும் தாரின் மேல் இருக்கக் கூடாது. அடுத்த பலகை, அதற்கும் அடுத்த பலகை, அவற்றுக்கு அப்பால் சாலை மறைந்து மீண்டும் தெரியும் வளைவு ஆகியவற்றின் மேல் இருக்க வேண்டும். தொலைவில் ஒரு கார் வருவதைக் கண்டதும், அவர் எந்த ஒதுங்குமிடத்துக்கு முதலில் வந்து சேர்வார், நான் எதற்கு வந்து சேர்வேன் என்று மனத்தில் கணக்கிட்டு, யாருக்கு அருகில் இடம் இருக்கிறதோ அவர் நிற்பதே முறை.

ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் சென்று நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் குறுக்கே செல்லாதீர்கள்; அதற்கு நேர் எதிரே, சாலையிலேயே இடப்பக்கமாக நின்றால் போதும், எதிரே வருபவர் அந்த வீங்கிய பகுதியைச் சுற்றிக்கொண்டு உங்களைக் கடப்பார். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இதில்தான். வலப்பக்க இடத்துக்குள் நீங்கள் நுழைந்துவிட்டால் எதிரே வருபவருக்கு உங்கள் எண்ணம் புரியாது, இருவரும் ஒரே இடத்தை நோக்கி வந்து நிற்க நேரிடும். மேடேறி வரும் வண்டிக்கு முடிந்தவரை வழிவிடுங்கள். கனரக வண்டிக்கும் பேருந்துக்கும் நீங்களே முந்தி ஒதுங்குங்கள். தேவைப்பட்டால் பின்னோக்கி ஓட்டி முந்தைய ஒதுங்குமிடத்துக்குத் திரும்பும் துணிவு வேண்டும்; இதை வீட்டருகே காலி மைதானத்தில் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வருவது பெரிய உதவி.

எதிரே நிற்பவர் ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினால் 'நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள்' என்று பெரும்பாலும் பொருள். ஆனாலும் வழி தெளிவாக இருப்பதை உங்கள் கண்ணால் உறுதி செய்த பிறகே நகருங்கள். கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து நான்கு விரல்களை உயர்த்தி நன்றி சொல்வது ஊர் வழக்கம். ஒரு நாளில் இதை நூறு முறை செய்ய வேண்டியிருந்தாலும் நூறு முறையும் செய்யுங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. ஒதுங்குமிடம் எதிரே வருபவருக்கு மட்டும் உரியதல்ல, பின்னால் வருபவருக்கும் உரியது. உங்களுக்குப் பின்னால் வருபவர் வேலைக்குச் செல்லும் செவிலியராக இருக்கலாம், தபால் வண்டியாக இருக்கலாம், ஃபெர்ரிக்கு விரைபவராக இருக்கலாம். கண்ணாடியில் ஒரு கார் தெரிந்ததும் அடுத்த ஒதுங்குமிடத்தில் நின்று அவரை முந்தவிடுங்கள். படம் எடுக்கவோ தேநீர் குடிக்கவோ அங்கே காரை நிறுத்தவே கூடாது. இந்தத் தீவுகளின் மக்கள் விருந்தினர் மேல் மனம் வருந்துவது பெரும்பாலும் இந்த ஒரு செயலுக்காகத்தான். அந்த வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

செம்மறியாடுகள் தார்ச்சாலையிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால், குட்டி எந்தக் கணமும் குறுக்கே ஓடும் என்று எண்ணி நின்றுவிடுங்கள். அந்திக்குப் பிறகு மான்கள் வரும். ஒன்று கடந்தால் இன்னொன்று பின்தொடரும்.

பாதை

கிளாஸ்கோவிலிருந்து ஏ82 சாலையில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் லாக் லோமண்ட் ஏரிக்கரை வந்துவிடும். அதன் வடபாதியில் சாலை குறுகலாகப் பாறைக்கும் நீருக்கும் நடுவே நெளிகிறது. அங்கே வேடிக்கை பார்க்கும் பொறுப்பை உடன் வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். டின்ட்ரம் ஊரைக் கடந்து மேடேறியதும் ரானக் மூர் விரிகிறது: கரிச்சதுப்பும் சிறு குட்டைகளும் பாறைகளுமாக, மரமே அரிதான ஒரு பெரும் வெளி. அது முடியும் இடத்தில் சாலை சட்டென்று கிளென்கோ பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இடிந்து அமிழ்ந்த எரிமலையின் எச்சம் இது. 1692 பிப்ரவரி 13 அன்று, தாங்கள் விருந்தினராகத் தங்கியிருந்த வீடுகளின் மெக்டொனால்ட் குலத்தாரையே அரசுப் படையினர் வெட்டிக் கொன்றது இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

இரண்டு இரவுகள் ஃபோர்ட் வில்லியம் பக்கம் தங்கலாம். பிரிட்டனின் உயரமான மலையான 1,345 மீட்டர் பென் நெவிஸ் அருகிலேயே உள்ளது. ஆனால் அதன் உச்சி கோடையிலும் கடுங்குளிரும் மூடுபனியுமாக இருக்கும், வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரியாதவர்கள் ஏற வேண்டாம். மேற்கே கிளென்ஃபின்னனில் 21 வளைவுகள் கொண்ட ரயில் பாலம் உண்டு. வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும்.

அடுத்து ஸ்கை தீவு. மாலெய்க்கிலிருந்து ஃபெர்ரியில் செல்லலாம். 1995 இல் திறக்கப்பட்டு 2004 இறுதியிலிருந்து சுங்கமில்லாமல் இருக்கும் பாலத்தின் வழியாகவும் செல்லலாம். நான் கோடையில் எப்போதும் தேர்வது மூன்றாவது வழி. கிளென் ஷீல் பள்ளத்தாக்கின் முடிவில், ஷீல் பிரிட்ஜில் இடப்பக்கம் திரும்பி, மாம் ரட்டகன் கணவாயில் ஏறி இறங்கினால் கிளெனெல்க் வரும். அங்கிருந்து கைல்ரியா செல்லும் கிளெனாகுலிஷ் என்ற சிறிய ஃபெர்ரி, உலகில் இன்னும் கையால் சுழற்றப்படும் தளம் கொண்ட கடைசி ஃபெர்ரி. ஆறு கார்கள்தான் கொள்ளும். சரிவான கற்படித்துறையில் படகு பக்கவாட்டில் வந்து நிற்கும். பணியாளர்கள் மேல்தளம் முழுவதையும் உடல் வலுவாலேயே தள்ளிச் சுழற்றி, அதன் முனையைக் கரைக்கு நேராகக் கொண்டுவருவார்கள். நீங்கள் ஏறியதும் மீண்டும் சுழற்றித் தாழிட்டுவிட்டு, வேகமாக ஓடும் குறுகிய நீரிணையைச் சில நிமிடங்களில் கடப்பார்கள். இரும்புத் தளம் காலடியில் முனகிக்கொண்டு திரும்பும் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இதற்கு முன்பதிவு இல்லை, வரிசையில் நிற்பதுதான். வேனிலோ நீளமான வண்டியிலோ வருபவர்கள் பாலத்தின் வழியே செல்வது நல்லது. வழியில் எய்லின் டோனன் கோட்டையும் கிடைக்கும்.

ஸ்கையில் மூன்று இரவுகள். போர்ட்ரீயைத் தளமாகக் கொண்டு ட்ராட்டர்நிஷ் தீபகற்பத்தை ஒரு முழு நாளில் சுற்றுங்கள். ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே சென்றுவிட்டால், வாகனம் நிறுத்த இடமும் மலையில் அமைதியும் கிடைக்கும். வடக்கே குவிராங், ஒரு மாபெரும் நிலச்சரிவின் பகுதி. நிலம் இன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால் அருகிலுள்ள சாலையை அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. மாலைச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யுங்கள், இல்லையேல் சமையலறையுள்ள தங்குமிடம் எடுங்கள். உணவகங்கள் குறைவு, சமையலறையைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். சைவம் மட்டும் உண்பவர்களுக்குச் சொந்தச் சமையலே பாதுகாப்பானது.

ஊக்கில் ஃபெர்ரி ஏறி டார்பர்ட்டில் இறங்கினால் வேறொரு உலகம். ஹாரிஸும் லூயிஸும் இரு பெயர் கொண்ட ஒரே தீவு; இங்குள்ள நைஸ் (gneiss) எனப்படும் உருமாறிய பாறைகளில் சில 300 கோடி ஆண்டுகள் பழமையானவை. கிழக்குக் கரை நிலவின் தரை போல வெறும் பாறை. சில மைல் தள்ளி மேற்குக் கரையில் லஸ்கென்டயரின் வெண்மணல் கடற்கரை. கடற்கரைக்குப் பின்னால் உள்ள மக்கர் எனப்படும் புல்வெளி, சிப்பி மணல் மேல் உருவானது; காரின் சக்கரம் பட்டால் எளிதில் பெயர்ந்துவிடும் என்பதால் அதன் மேல் ஓட்டக் கூடாது. சாலையோர வீடுகளின் கொட்டகைகளிலிருந்து தறியோசை கேட்டால் அது ஹாரிஸ் ட்வீட். 1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தம் வீட்டிலேயே கையால் நெய்த கம்பளித் துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. லூயிஸின் மேற்கே கலானிஷ் கற்கள் நிற்கின்றன: நடுவே 4.8 மீட்டர் உயரக் கல், அதைச் சுற்றி 13 கற்களின் வட்டம், வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள். மாலைச் சாய்வொளியில் பாருங்கள், கல்லின் வரிகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் உரிய நாள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறு ஃபெர்ரியே 2009 இல்தான் தொடங்கியது. பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். சனிக்கிழமையே உணவும் பெட்ரோலும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறன்று கடற்கரையில் நடந்து கழியுங்கள்; தேவாலயத்தின் அருகே காரின் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

கூடாரம் அடிக்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2003 ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால், பெரும்பாலான திறந்த நிலங்களில் நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே வேனில் உறங்குபவர்கள் அதற்கென உள்ள இடங்களையே நாட வேண்டும். லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில கரைகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கும் அனுமதிச்சீட்டு தேவை.

உல்லாபூலில் இறங்கியவுடன் ஓட்டத் தொடங்காமல் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் காலை இன்வெர்னஸ் நோக்கிச் செல்லும் ஏ835 சாலையில் சுமார் 12 மைல் தொலைவில் கோரிஷாலாக் பள்ளம் வரும். 1874 இல் பொறியாளர் ஜான் ஃபவுலர் அமைத்த தொங்குபாலத்தின் நடுவில் நின்றால், 46 மீட்டர் அருவி கீழே விழுவதைக் காணலாம். பாலம் லேசாக ஆடும், உயரம் ஒவ்வாதவர்கள் கரையிலிருந்தே பார்க்கலாம். காரைக் கிளாஸ்கோவிலேயே திருப்ப வேண்டியிருந்தால், இன்வெர்னஸிலிருந்து ஏ9 சாலையில் இன்னும் சுமார் 170 மைல் ஓட்ட வேண்டும். டன்பிளேன் வரை சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உள்ளன. அந்தச் சாலை சில மைல்களுக்கு இருபுறமும் பிரிந்து அகன்று, மீண்டும் ஒன்றாகிக் குறுகும். எதிரே வண்டி வரும் சாலையில் இருக்கிறோமா இல்லையா என்பதை ஒவ்வொரு மாற்றத்திலும் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொண்டே ஓட்டுங்கள்.